ஜெபிக்காத நாளும் நன்றாகத்தானே போகிறது?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இரவுப் பணி பார்க்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவர் எழுதியதைச் சுருக்கித் தருகிறேன்.

"தினமும் ஜெபிக்க வேண்டும் என்று சொல்லியே என்னை வளர்த்தார்கள். வேலைக்குச் சேர்ந்த பிறகு அது நின்றுபோனது. ஜெபித்த நாளும் ஜெபிக்காத நாளும் ஒரே மாதிரிதான் போகிறது. இதில் சம்பளம் குறையவில்லை, அதில் கூடவும் இல்லை. கடவுளுக்கு எல்லாம் தெரியும் என்றால் நான் எதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும்? உட்கார்ந்தாலும் மனம் நிற்பதில்லை. அம்மா ஒரு மணி நேரம் முழங்காலில் இருக்கிறார். எனக்கு ஐந்து நிமிடம் தாண்டுவதில்லை. கிறிஸ்தவனுக்கு அன்றாட ஜெபம் உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா, இல்லை பழக்கதோஷமா?"

முக்கியம்தான், தம்பி. ஆனால் அதைச் சம்பளக் கவருக்குள் தேடினால் கிடைக்காது. ஜெபிக்காத நாளும் நன்றாகப் போகிறது என்று நீங்கள் கண்டுபிடித்ததை ஆண்டவர் உங்களுக்கு முன்பே சொல்லிவிட்டார். "அவர் தீயோர்மேலும் நல்லோர்மேலும் தமது சூரியனை உதிக்கப்பண்ணி, நீதியுள்ளவர்கள்மேலும் அநீதியுள்ளவர்கள்மேலும் மழையைப் பெய்யப்பண்ணுகிறார்." மத்தேயு 5ஆம் அதிகாரம். இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம் வருவது அதற்கு அடுத்த அதிகாரத்தில். முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் ஜெபிக்கவே கற்றுக்கொடுக்கிறார். வடகிழக்குப் பருவமழை கோத்தகிரியில் இறங்கும்போது ஜெபிக்கிறவர் தோட்டம் எது, ஜெபிக்காதவர் தோட்டம் எது என்று பார்த்துப் பெய்வதில்லை. நம் கூட்டங்களில் சாட்சி சொல்லும் நேரம் வந்தால் வீடு, வேலை, விசா, பதவி உயர்வு என்று அடுக்குகிறார்கள். நன்றி சொல்வது நல்லதுதான். ஆனால் வருடக்கணக்காக அதை மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளை, ஜெபத்தை வரவு செலவுக் கணக்கில் வைத்துப் பார்ப்பதில் ஆச்சரியம் இல்லை. அந்தக் கணக்கில் ஜெபம் எப்போதும் நஷ்டத்தில்தான் நிற்கும்.

பிறகு எதற்கு? யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து மன்னா என்ற உணவு விழுகிறது. அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்று பொறுக்கிக்கொள்ள வேண்டும். சிலர் நாளைக்கு ஆகட்டும் என்று எடுத்து வைத்தார்கள். அது பூச்சி பிடித்து நாறிப்போனது. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரட்டிப்பாகச் சேர்க்க அனுமதி. ஒரே நாளில் வருடத்துக்கு வேண்டியதைக் கொடுத்துவிட முடியாதவரா அவர்? நாற்பது வருடம் ஒரு ஜனத்தைத் தினமும் காலையில் கூடாரத்துக்கு வெளியே வரவைத்தார். நாம் ஒரு நாளில் மறந்துபோகிற ஜாதி. நேற்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கண் கலங்கியவர், திங்கட்கிழமை காலை பஸ்ஸில் இடம் பிடிக்கிற சண்டையில் தான் யாருடைய பிள்ளை என்பதையே மறந்துவிடுகிறார். அன்றாட ஜெபம் அந்த மறதிக்கு எதிரானது. அதனால்தான் அது அன்றாடம்.

அடுத்தது, எல்லாம் தெரிந்தவரிடம் எதற்குச் சொல்வது என்ற கேள்வி. இது மிகப் பழைய கேள்வி. "உங்கள் பிதாவை நோக்கி நீங்கள் வேண்டிக்கொள்ளுகிறதற்கு முன்னமே உங்களுக்கு இன்னது தேவை என்று அவர் அறிந்திருக்கிறார்" என்று இயேசு சொல்கிறார். அதனால் கேட்க வேண்டாம் என்று முடிக்கவில்லை. இப்படி ஜெபியுங்கள் என்று தொடர்கிறார்.

410இல் ரோமாபுரி கொள்ளைபோனது. அதன் பிறகு ஆப்பிரிக்காவுக்கு வந்து சேர்ந்த ப்ரோபா என்ற பணக்கார விதவை, எப்படி ஜெபிப்பது என்று ஹிப்போவின் ஆயர் அகுஸ்தீனிடம் கேட்டார். அகுஸ்தீன் எழுதிய நீண்ட பதில் இன்றும் இருக்கிறது. அதில் உங்கள் கேள்வியை அவரே எழுப்பிக்கொள்கிறார். கடவுளுக்குத் தகவல் சொல்வதற்காக நாம் கேட்பதில்லை. கேட்கக் கேட்க நம் விருப்பம் பயிற்சி பெறுகிறது, அவர் கொடுக்க நினைப்பதைப் பெற்றுக்கொள்ளும் அளவுக்கு உள்ளம் விரிகிறது என்பது அவர் சொல்லும் காரணம்.

நடைமுறையில் இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மனதில் இருக்கும் ஓர் ஆசையை அவர் முன்னால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். "அம்மாவுக்குக் காய்ச்சல் குறைய வேண்டும்" என்பதைத் தங்குதடையில்லாமல் சொல்வீர்கள். "என்னோடு வேலை பார்க்கிறவனுக்கு அந்த மேற்பார்வையாளர் பதவி கிடைக்கக் கூடாது" என்று தொடங்கினால் பாதி வாக்கியத்தில் நாக்கு குழறும். மனதுக்குள் வைத்திருந்தவரை அது நியாயமாகவே தோன்றியிருக்கும். அவருக்கு அது புதுச் செய்தி இல்லை. உங்களுக்குத்தான் அது புதிது.

இனி நேரம். இரவுப் பணியை நீங்கள் ஒரு தடையாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வேலை எப்படி நடக்கும் என்பது எனக்குத் தெரியும். மாலையில் பசுந்தேயிலை வந்து இறங்கும். எடை போட்டு, வாட்டும் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து மின்விசிறிக் காற்றை விடுவார்கள். இலை பல மணி நேரம் வாடிக் கிடக்கும். நள்ளிரவுக்கு மேல் அரைக்கும் இயந்திரம் ஓடத் தொடங்கினால் பக்கத்தில் நிற்பவன் பேசுவது கேட்காது. விடியும்போது உலர்த்தியிலிருந்து சூடாகத் தூள் வரும். உங்களுக்குக் கண் எரியும். பனியில் நடந்து வீட்டுக்கு வந்தால் தலையணை ஒன்றுதான் தெரியும். அந்த நேரத்தில் "அதிகாலையில் எழுந்து ஜெபி" என்று யாராவது சொன்னால் கோபம்தான் வரும்.

வேதாகமத்தில் நாள் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். "சாயங்காலமும் விடியற்காலமுமாகி முதலாம் நாள் ஆயிற்று." சாயங்காலம் முதலில் வருகிறது. யூதர்களுக்கு இன்றும் சூரியன் மறையும்போதுதான் அடுத்த நாள் பிறக்கிறது. உங்களுடைய வேலை நாளும் அப்படியே. ஆகவே உங்கள் காலை ஜெபத்தை மாலையில் செய்யுங்கள்: குளித்து, உடுத்தி, ஸ்வெட்டர் போட்டு, வீட்டை விட்டுக் கிளம்புவதற்குச் சற்று முன்னால். திரும்பி வந்து படுக்கும் முன் ஒரு வரி போதும். "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன், கர்த்தாவே, நீர் ஒருவரே என்னைச் சுகமாய்த் தங்கப்பண்ணுகிறீர்." நான்காம் சங்கீதத்தின் கடைசி வசனம். காலை ஏழு மணிக்குச் சொன்னாலும் அது செல்லும்.

சங்கீதப் புத்தகத்தில் இரவுப் பணியாளர்களுக்கென்றே ஒன்று இருக்கிறது, 134ஆம் சங்கீதம். மூன்றே வசனம். "இதோ, இராக்காலங்களில் கர்த்தருடைய ஆலயத்தில் நிற்கும் கர்த்தரின் ஊழியக்காரரே" என்று தொடங்குகிறது. ஊரெல்லாம் தூங்கும்போது ஆலயத்தில் விழித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்துப் பாடியது. மனப்பாடம் செய்ய ஒரு மாலை போதும். தொழிற்சாலை வாசலில் நுழையும்போது சொல்லிக்கொள்ளுங்கள்.

இயேசு அதிகாலையில் ஜெபித்தார் என்று உங்களுக்கு நிச்சயம் சொல்லியிருப்பார்கள். மாற்கு 1:35 அது: "அதிகாலையில், இருட்டோடே எழுந்து புறப்பட்டு, வனாந்தரமான ஓரிடத்திற்குப்போய், அங்கே ஜெபம்பண்ணினார்." இந்த வசனத்தை எழுத்துக்கு எழுத்து பின்பற்றி, நம் ஊரில் இருட்டோடே வனாந்தரமான இடத்துக்குப் போகிறவர் காட்டெருமையையோ கரடியையோ சந்தித்துவிட்டுத் திரும்பி வந்தால் அதுவே பெரிய அற்புதம். தயவுசெய்து அடுப்படியிலேயே ஜெபியுங்கள். அதற்கு முந்தின வசனங்களைப் பார்த்தால், முந்தின நாள் மாலை சூரியன் மறைந்த பிறகும் கப்பர்நகூமில் ஊரே வாசலில் கூடியிருந்தது, அவர் நோயாளிகளைக் குணமாக்கிக்கொண்டிருந்தார். ஆட்களிடமிருந்து தப்பித்துப் பிதாவோடு தனியாக இருக்க அவருக்குக் கிடைத்த ஒரே நேரம் அந்த இருட்டு. உங்களுக்குக் கிடைக்கும் தனிமை எந்த நேரத்தில் என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்த பிறகு அதை மாற்றக் கூடாது. தினமும் தோதுப்பட்ட நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது நடக்காது. இதில் மட்டும் நான் கண்டிப்பானவன்.

நேரம் குறித்துக்கொள்வது ஏதோ சடங்கு என்று சிலர் முகம் சுளிப்பார்கள். தானியேல் தினம் மூன்று வேளை முழங்காற்படியிட்டார். "அந்தி சந்தி மத்தியான வேளைகளிலும்" என்கிறது 55ஆம் சங்கீதம். உயிர்த்தெழுந்த ஆண்டவரைக் கண்ணால் கண்ட பேதுருவும் யோவானும் அதற்குப் பிறகும் ஒன்பதாம் மணி, அதாவது பிற்பகல் மூன்று மணி, ஜெபவேளைக்கு ஆலயத்துக்குப் போனார்கள். ஆதித் திருச்சபையின் மிகப் பழைய ஒழுங்குமுறைகளில் ஒன்றான டிடாக்கே, பரமண்டல ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லச் சொல்கிறது. ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தன் துறவிகளுக்குப் பகலில் ஏழு வேளையும் இரவில் ஒரு வேளையும் வகுத்தார். 1549இல் இங்கிலாந்துத் திருச்சபை தன் ஜெபப் புத்தகத்தை வெளியிட்டபோது, சாதாரண ஜனங்களும் கலந்துகொள்ளும்படி அந்த வேளைகளைக் காலை, மாலை என்று இரண்டாகச் சுருக்கியது. உதகையில் ஸ்தேவான் ஆலயத்துக்கு 1829இல் அடிக்கல் நாட்டியவர்கள் மலைக்குக் கொண்டுவந்தது அந்தக் காலை மாலை முறையைத்தான், சி.எஸ்.ஐ. எனும் தென்னிந்தியத் திருச்சபையின் சபைகளில் அது இன்றும் தொடர்கிறது. கத்தோலிக்க வீடுகளில் மூவேளைச் செபம் இருக்கிறது, செபமாலை இருக்கிறது. 1846இல் உதகைக்கு அருகே கேத்தியில் காலூன்றிய, சுவிட்சர்லாந்தின் பாசல் நகரைச் சேர்ந்த பாசல் மிஷன்காரர்களோ வீட்டில் தகப்பன் வேதம் வாசித்துக் குடும்பமாக ஜெபிப்பதை உயிராகக் கருதிய மரபிலிருந்து வந்தவர்கள்.

உங்கள் வீட்டுச் சுவரில் தினவசனக் காலண்டர் தொங்குகிறதா? அந்தப் பழக்கத்துக்கும் வயது அதிகம். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில் மொரேவிய சகோதரர்கள் என்ற சபையார் 1731 முதல் வருடந்தோறும் நாளுக்கொரு வசனத்தைத் தொகுத்து அச்சிட்டு வருகிறார்கள். சபை எதுவானாலும் எல்லாரும் ஒன்றைக் கண்டுகொண்டார்கள்: மனது எழும்பட்டும், பிறகு ஜெபிக்கலாம் என்று இருந்தால் மனது எழும்பாது. நேரத்தையும் வார்த்தையையும் முன்கூட்டியே கையில் வைத்திருக்க வேண்டும். மனது சில நாள் வந்து சேர்ந்துகொள்ளும், சில நாள் வராது. வராத நாளிலும் ஜெபம் ஜெபம்தான். இந்தப் பதிலில் நான் சொல்ல வந்தது ஏறக்குறைய இவ்வளவுதான், மீதியெல்லாம் விளக்கம்.

மனம் அலைவதைப் பற்றி. விட்டன்பர்க் நகரில் பேத்ரு என்று ஒரு நாவிதர். அவர் திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதருக்கு முடி வெட்டுபவர், நண்பரும்கூட. எப்படி ஜெபிப்பது என்று கேட்ட அவருக்காக லூதர் 1535இல் ஒரு சிறு நூலே எழுதிக் கொடுத்தார். வேதசாஸ்திரப் பண்டிதர், தன் நாவிதருக்கு. எனக்கு அதில் மிகவும் பிடித்தது அதன் எளிமை. மனம் குளிர்ந்துபோனதாக உணர்ந்தால் சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்கோ ஆலயத்துக்கோ போவேன். பத்துக் கட்டளைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் சிறுபிள்ளைகள் சொல்வதுபோல் வாய்விட்டுச் சொல்வேன் என்கிறார். பரமண்டல ஜெபத்தை ஒரு விண்ணப்பமாக எடுத்து, நின்று, அதைத் தன் நாளோடு சேர்த்துச் சிந்தித்து, அடுத்ததற்குப் போகச் சொல்கிறார். "இன்னும் ஒரு மணி நேரம் ஆகட்டும், முதலில் இந்த வேலையை முடித்துவிடுகிறேன்" என்ற நினைப்பு வந்தால் அதுதான் வஞ்சகம், எச்சரிக்கையாயிரு என்கிறார். பிறகு நாவிதருக்குப் புரியும் பாஷையில்: நல்ல நாவிதன் கண்ணையும் கருத்தையும் கத்தியின் மேலும் முடியின் மேலும் வைத்திருப்பான், அரட்டை அடித்துக்கொண்டு அங்கே இங்கே பார்த்தால் வாயையோ மூக்கையோ, ஏன், கழுத்தையே அறுத்துவிடுவான்.

அந்தக் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. பிரசங்கங்களில் பெரும்பாலும் அதை விட்டுவிடுவார்கள். அதே 1535இல், ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, இந்தப் பேத்ரு குடிபோதையில் தன் மருமகனைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார். லூதரும் மற்றவர்களும் பரிந்து பேசியதால் மரண தண்டனைக்குத் தப்பி, சொத்தையெல்லாம் இழந்து, நாடுகடத்தப்பட்டார். ஜெபத்தைப் பற்றிய அவ்வளவு நல்ல அறிவுரை கையில் இருந்த மனிதர். ஜெபம் தாயத்து இல்லை என்பதற்கு இதைவிடக் கசப்பான சாட்சி எனக்குத் தெரியாது. கையில் இருப்பது வேறு, அதில் தினமும் நிற்பது வேறு. நின்றாலும் மனிதன் விழக்கூடியவன். விழுந்தவனுக்காகப் பரிந்து பேசவும் யாராவது ஜெபத்தில் இருந்தாக வேண்டும்.

உங்கள் மனம் அலைவதற்கு நான் சொல்லும் வழி ஒன்றே ஒன்று: அது எங்கே ஓடியதோ அதையே ஜெபமாக்குங்கள். பரமண்டல ஜெபத்தின் நடுவில் கடன் தவணை நினைவுக்கு வந்தால், "ஆண்டவரே, இந்தத் தவணை" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள். துரத்தினால் அது இன்னும் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வரும்.

நீளம் ஒரு பிரச்சினையே இல்லை. "நீங்கள் ஜெபம்பண்ணும்போது, அஞ்ஞானிகளைப்போல வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்" என்று சொன்னவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தை நிதானமாகச் சொன்னாலும் அரை நிமிடம்தான் ஆகும். இயேசு சொன்ன உவமையில் ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன், சொன்னது ஒரே வரி: "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்." நெகேமியா பாரசீக மன்னனுக்குத் திராட்சரசம் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, என்ன வேண்டும் என்று ராஜா கேட்டார். கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் நெகேமியா ஜெபித்ததாக வசனம் சொல்கிறது. ராஜா காத்திருக்க முடியாது. ஒரு மூச்சு விடும் நேரம்தான் இருந்திருக்கும். ஆனால் முதல் அதிகாரத்தையும் சேர்த்துப் படித்தால், அதற்கு முன் நான்கு மாத காலம் அந்த மனிதர் உபவாசித்து அழுது ஜெபித்துக்கொண்டிருந்தார் என்று தெரியும். அந்த ஒரு மூச்சு எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுதான் விடை. இயந்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு நீங்களும் அப்படி ஒரு வரி சொல்லலாம். எகிப்தின் துறவிகள் அம்பு எய்வதுபோல் சின்னச் சின்ன ஜெபங்களைச் சொல்வார்கள் என்று அகுஸ்தீன் அதே கடிதத்தில் எழுதுகிறார். கிழக்கத்திய சபைகளில் இயேசுவின் பெயரைச் சொல்லி இரக்கம் கேட்கும் ஒற்றை வரியை மூச்சோடு மூச்சாகச் சொல்லும் பழக்கம் இன்றும் உண்டு.

தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போகும் பெண்களைக் கவனித்திருக்கிறீர்களா? இடுப்பில் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டி, பையைத் தலையில் மாட்டிக்கொண்டு நிரைக்குள் இறங்குவார்கள். எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் வயதான அம்மா ஒருவர், முதல் செடியின் மேல் இரண்டு கையையும் விரித்து வைத்து நிற்பார். பனி ஈரம் விரல்களில் வழியும். உதடு மட்டும் அசையும், சத்தம் வராது. மற்றவர்கள் ஐந்தாறு கைப்பிடி பறித்துவிடுவார்கள். யாரும் அவரை அவசரப்படுத்துவதில்லை. பிறகு அவர் கை வேலையில் இறங்கினால் இளம் பெண்கள் ஈடுகொடுக்க முடியாது. அன்னாள் சீலோவின் ஆலயத்தில் ஜெபித்தபோதும் உதடு அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. ஆசாரியன் ஏலி அவளைக் குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டான். நம் கூட்டங்களில் ஒலிபெருக்கியை நான்கு திசைக்கும் திருப்பி வைப்பவர்கள் அன்னாளை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். உங்கள் அம்மாவின் ஒரு மணி நேரத்தோடு உங்கள் ஐந்து நிமிடத்தை ஒப்பிட்டு வெட்கப்பட வேண்டாம். அவர் எத்தனை வருடமாக அதில் இருக்கிறாரோ! அந்த ஒரு மணி நேரத்தில் பாதி உங்களுக்காகத்தான் போயிருக்கும்.

கேட்டது கிடைக்காத ஜெபத்தைப் பற்றி நீங்கள் நேராகக் கேட்கவில்லை. ஆனால் கேள்வியின் அடியில் அதுதான் இருக்கிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது. 2009 நவம்பரில் இந்த மலையில் பெய்த பேய்மழையும் மண்சரிவும் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின. அந்த இரவுகளில் ஜெபிக்காதவர் மலையில் யார்? இந்துக்கள் கும்பிட்டார்கள், முஸ்லிம்கள் துஆ செய்தார்கள், நாமும் முழங்காலில் இருந்தோம். ஒரு வீடு நின்றது, அடுத்த வீடு போனது. நின்ற வீட்டுக்காரர் "என் ஜெபம் காப்பாற்றியது" என்று சொன்னால், போன வீட்டுக்காரரைப் பற்றி அவர் என்ன சொல்கிறார் என்பதை யோசிக்க வேண்டும். நான் அப்படிப் பேசுவதில்லை, பிறர் பேசினாலும் தடுப்பேன்.

பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் நீங்க மூன்றுமுறை வேண்டினார். முள் நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. கெத்செமனேயில் ஆண்டவரே பாத்திரம் நீங்கும்படி கேட்டார், நீங்கவில்லை. 88ஆம் சங்கீதத்தைப் படியுங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்களில் எங்காவது ஒரு திருப்பம் வரும், நம்பிக்கை எட்டிப்பார்க்கும். இதில் கடைசிவரை இருட்டுதான். அதையும் ஜெபப் புத்தகத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். கோபமும் துக்கமும் ஜெபத்துக்கு வெளியே நிற்க வேண்டியவை அல்ல. வார்த்தையே வராவிட்டால் ரோமர் 8:26 இருக்கிறது: "ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல்செய்கிறார்." மௌனமாக உட்கார்ந்திருப்பதையும் அவர் ஜெபமாக மாற்றிக்கொள்வார்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. ஜெபித்தால் மாத்திரை வேண்டாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மட்டுமல்ல, மனச்சோர்வுக்கும் இது பொருந்தும். பவுல் தீமோத்தேயுவின் வயிற்று உபாதைக்கு ஜெபத்தோடு நிறுத்தவில்லை, கொஞ்சம் திராட்சரசம் சாப்பிடச் சொன்னார்.

இனி, உங்கள் வேலைக்கு வருகிறேன். பசுந்தேயிலை எடை போடும் இடத்தில் நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். சிறு விவசாயி முதுகு வளையப் பறித்துக் கொண்டுவந்த மூட்டையில் ஈரம், முற்றிய இலை என்று சொல்லி எத்தனை கிலோ கழிப்பது என்பது சில சமயம் உங்கள் கையில் இருக்கும். நியாயமான கழிவு உண்டு, மழை நாளில் இலையில் தண்ணீர் இருக்கத்தான் செய்யும். நியாயமில்லாத கழிவும் உண்டு. விலை விழுந்து கிடக்கும் மாதத்தில் இரண்டு கிலோ அந்த வீட்டில் என்ன செய்யும் என்பது எங்களைவிட உங்களுக்குத் தெரியும். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்கிறது நீதிமொழிகள். மாலையில் கிளம்பும்போது, "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று கேட்டுவிட்டு வந்தவர், ஒரு மணி நேரம் கழித்து அடுத்தவனுடைய ஆகாரத்தில் கை வைக்கும்போது உள்ளே ஏதோ ஒன்று இடறும். ஜெபித்த நாளுக்கும் ஜெபிக்காத நாளுக்கும் வித்தியாசம் எங்கே என்று கேட்டீர்களே, முதலில் அங்கே பாருங்கள். அந்த இடறல் பிடிக்காமல்தான் பலர் ஜெபத்தை விடுகிறார்கள், நேரமில்லாமல் அல்ல என்பது என் நெடுநாளைய சந்தேகம்.

அதேபோல, "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற வரியும். அதைத் தினமும் சொல்கிறவர் வரப்புத் தகராறில் தம்பியோடு பத்து வருடம் பேசாமல் இருப்பது கஷ்டம். முடியாதென்று சொல்லவில்லை, இருக்கிறவர்களை எனக்கே தெரியும். ஆனால் அவர்கள் அந்த வரி வரும்போது மட்டும் வேகமாகச் சொல்வார்கள்.

கடைசியாக, செய்ய வேண்டியதைக் கேட்டால்: மாலையில் கிளம்பும் முன் ஐந்து நிமிடம், எப்போதும் ஒரே இடத்தில். கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். காலையில் வரிசையாக வரும் வசனப் படங்களைப் பத்துப் பேருக்கு அனுப்புவது ஜெபம் ஆகாது. ஒரு சங்கீதம், சிறியதாக இருக்கட்டும். பரமண்டல ஜெபம், நிறுத்தி நிறுத்தி. பிறகு பெயர் சொல்லி மூன்று பேர்: வீட்டில் ஒருவர், வேலையில் ஒருவர், உங்களுக்குப் பிடிக்காத ஒருவர். மூன்றாவது ஆளைத் தவிர்க்க மனம் தேடும் சாக்குகளைக் கவனித்தால் சிரிப்பு வரும். கல்யாணம் ஆகியிருந்தால், வார விடுமுறை நாளிலாவது மனைவியும் நீங்களும் சேர்ந்து உட்காருங்கள். யார் வாசிப்பது, யார் ஜெபிப்பது என்பதை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். அது தினசரி நடக்கவில்லை என்று சண்டை வேண்டாம்.

விட்டுப்போகும் நாள்கள் வரும். கொழுந்து அதிகமாக வரும் மாதங்களில் இரண்டு வேலை நேரம் தொடர்ந்து பார்க்க வேண்டியிருக்கும், வாரமே காணாமல்போகும். அந்த நாள்களைக் கூட்டிப் பாக்கி வைத்துச் சேர்த்துக் கட்ட வேண்டாம். அடுத்த மாலை வந்ததும், மன்னிப்புக் கேட்கும் முன்னுரைகூட இல்லாமல், அன்றைய சங்கீதத்தைத் திறந்து படிக்கத் தொடங்குங்கள்.